கிடாரியின் எடை, காளையின் நடை: இறைச்சி மாட்டு மந்தை ஒன்றை உருவாக்கிய குறிப்புகள்

என் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி இருக்கிறது: "31. முதல் ஈற்று. காளைக்கன்று. 51 கிலோ. இறந்து பிறந்தது." அதற்குக் கீழே மூன்று நாள் கழித்து எழுதிய இன்னொரு வரி: "31 எழவில்லை. இன்று போய்விட்டது." ஏழு ஆண்டுகளாக நான் செய்துவரும் மந்தைத் தேர்வெல்லாம் இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் தொடங்கியது. 31 என்பது ஒரு கிடாரியின் எண். ஆகவே அது ஈன்ற இரவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னங்கால்கள் இரண்டும் குளம்பளவுக்குமேல் வெளியே வரவில்லை. கையை நன்றாகக் கழுவி, வழவழப்புத் திரவம் தடவி உள்ளே விட்டுப் பார்த்தேன். தலை நேராகத்தான் இருந்தது. ஆனால் நெற்றிக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் என் விரல் நுழைய இடமில்லை. நாக்கு வீங்கி வெளியே தொங்கியது. கணுக்கால் மூட்டுக்கு மேலே ஒரு சுருக்கும் கீழே ஒரு சுருக்குமாகச் சங்கிலியைப் பூட்டி, தாய் முக்கும்போது மட்டும், ஒரு காலை விட்டு ஒரு காலாக இழுத்தோம். தோள் வந்தது, மார்பு வந்தது, இடுப்பில் சிக்கியது. கன்றின் உடலைக் கால்வட்டம் திருப்பிய பிறகே இடுப்பு வெளியேறியது. அதற்குள் கன்றின் உயிர் போய்விட்டிருந்தது. இடுப்பு வழியே செல்லும் நரம்புகள் நசுங்கியதால் கிடாரியால் பின்னங்கால்களை ஊன்ற முடியவில்லை. பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம், தண்ணீரை வாயருகே கொண்டுபோய் வைத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் அதுவும் போயிற்று.

அந்தக் கிடாரியிடம் எந்தக் குறையும் இல்லை. அதைக் காளைக்குச் சேர்த்தபோது அதன் எடை 285 கிலோ. அந்த மந்தையின் முதிர்ந்த பசுக்கள் சராசரியாக 520 கிலோ. அதாவது முதிர்ந்த எடையில் 55 சதவீதம்கூட முழுதாக எட்டாத கிடாரியை, 1,050 கிலோ எடையுள்ள ஷாரோலே இனக் காளையோடு விட்டிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது.

தொடக்கத்தில் 38 உருப்படிகள் வாங்கினேன்: 26 பசுக்கள், 12 கிடாரிகள். பெரும்பாலும் ஹெர்ஃபோர்டு சாயல், கொஞ்சம் திமில் இனக் கலப்பு. காளையை வாங்கியபோது நான் பார்த்தது அதன் முதுகின் அகலத்தை, தொடையின் திரட்சியை, தலை நிமிர்வை. இவ்வளவு தசையுள்ள காளையின் கன்றுகள் நல்ல விலைபோகும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கன்றைச் சுமந்து, ஈன்று, பாலூட்டி, அதே மூன்று மாதத்துக்குள் மறுபடியும் சினையாக வேண்டியது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

காளையை ஆண்டு முழுவதும் மந்தையிலேயே விட்டிருந்தேன். ஒரு காளைக்கு 38 பெண் மாடுகள் என்பதும் அதிகம். நன்கு முதிர்ந்த காளைக்கு 25, மிஞ்சினால் 30; ஒன்றேகால் வயது இளங்காளைக்கு 12 முதல் 15 வரைதான் தாங்கும். கணக்கு இப்படி முடிந்தது: 38-இல் 33 சினை. ஈற்றில் இறந்த கன்றுகள் 3, பிறகு நோயில் ஒன்று. பால் மறக்கடித்த கன்றுகள் 29. காளைக்கு விட்ட ஒவ்வொரு நூறு பசுவுக்கும் 76 கன்றுதான். அதைவிட மோசம், ஈற்றுகள் ஏழு மாதத்துக்குப் பரவிக் கிடந்தன. ஒரே நாளில் எடைபோட நிறுத்தினால் ஒரு கன்று 240 கிலோ, பக்கத்தில் நிற்பது 110 கிலோ. தடுப்பூசிக்கும் தீவனத்துக்கும் விற்பனைக்கும் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை.

மாடுகளோடு வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவர் அந்தச் சமயத்தில் மந்தையைப் பார்க்க வந்தார். காளையை நான் பெருமையாகக் காட்டினேன். அவர் முன்னால் நிற்கவே இல்லை. "தம்பி, நிற்க வைத்து ஏன் காட்டுகிறீர்கள்? நடக்க விடுங்கள். பின்னால் நின்று பார்ப்போம்" என்றார். காளை பத்து அடி நடந்தது. முன்னங்கால் பதிந்த தடத்துக்கு நான்கு விரல் பின்னாலேயே பின்னங்கால் விழுந்தது. கணுக்கால் மூட்டு வளைவே இல்லாமல் தூண்போல நேராக இருந்தது. "இது பசுமேல் ஏறும்போது அத்தனை எடையையும் இந்த இரண்டு மூட்டும்தான் வாங்கும். இரண்டு பருவம் தாங்கினால் அதிகம்" என்றார். பிறகு மந்தைக்குள் போய் ஒவ்வொரு பசுவாகப் பார்த்தார். காளையிடம் கழித்த நேரம் ஐந்து நிமிடம். பசுக்களிடம் அரை நாள்.

அந்த அரை நாள்தான் எனக்குப் பாடசாலை.

முதலில் விலா. முதுகெலும்பை அடுத்த குறுவிலாக்களின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். எலும்பு உடனே கையில் தட்டினால் மெலிவு. லேசாக அழுத்தித் தேட வேண்டியிருந்தால் போதுமான நிலை. எவ்வளவு அழுத்தியும் தட்டாவிட்டால் கொழுப்பு மிகுதி. இதையே ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணாகக் கால்நடை மருத்துவர்கள் போடுகிறார்கள். ஈனும்போது பசு 5-இலும் முதல் ஈற்றுக் கிடாரி 6-இலும் இருக்க வேண்டும். என் மந்தையில் பதினொன்று 4-க்குக் கீழே. சினைப்படாத ஐந்தும் அந்தப் பதினொன்றுக்குள்ளேயே இருந்தன. மலடு என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தவை பட்டினி கிடந்தவை. ஒரு மதிப்பெண் ஏற ஏறத்தாழ 40 கிலோ எடை கூட வேண்டும். கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதை ஏற்றுவது மிகக் கடினம். பால் மறக்கடித்த பிறகு, அடுத்த ஈற்றுக்கு முன்புள்ள மாதங்களில்தான் ஏற்ற முடியும்.

அடுத்து மடி. காம்பு சுண்டுவிரல் கனத்தில் இருந்தால் பிறந்த கன்று தானே பிடித்துக்கொள்ளும். புட்டிபோல் பருத்துத் தரைநோக்கித் தொங்கினால் கன்று முட்டிமுட்டித் தேடும். சீம்பால் குடிக்க வேண்டிய முதல் ஆறு மணி நேரம் அந்தத் தேடலிலேயே கழிந்துவிடும். பிறகு குளம்பு. இரண்டு பிளவுகளும் ஒரே அளவில், நுனிகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளாமல், பின்குதிக்கு நல்ல உயரத்தோடு இருக்க வேண்டும். குளம்பின் கோணலும் மடியின் தொய்வும் மகளுக்கும் இறங்குபவை. கடைசியாகக் குணம். 14-ஆம் எண் பசு ஒவ்வொரு முறையும் வேலியில் மோதியது. கன்றுக்குக் காதுவில்லை போட்டபோது என் உதவியாளரைத் தூக்கி எறிந்தது. அதன் கன்று மந்தையிலேயே நன்றாக வளர்ந்த கன்றுகளில் ஒன்று. "கன்று நன்றாக இருக்கிறதே, ஐயா" என்றேன். "அந்தக் குணமும் கன்றுக்குள் இருக்கிறதே, தம்பி" என்றார்.

சினைப்படாத ஐந்து, மடி கெட்ட இரண்டு, 14-ஆம் எண், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஈன்று அடுத்த பருவத்துக்குள் வர வாய்ப்பில்லாத இரண்டு. பத்தையும் கழித்தேன். மெலிவால் சினைப்படாதவற்றை ஊட்டித் தேற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அதே புல்லில் மேய்ந்து அதே ஆண்டில் சினைப்பட்ட 33 மாடுகளும் இருந்தன. என் நிலம் எவ்வளவு தருகிறதோ அதற்குள் வாழத் தெரிந்த பசுதான் எனக்குத் தேவை என்று அன்றைக்கு எழுதி வைத்தேன். இன்றுவரை அதை மாற்றவில்லை.

மருத்துவரை அழைத்துக் காளையையும் பரிசோதிக்கச் செய்தேன். விதைப்பைச் சுற்றளவு 33 சென்டிமீட்டர். இரண்டு வயது கடந்த காளைக்குக் குறைந்தது 34 வேண்டும். நுண்ணோக்கியில் சரியான வடிவமுள்ள விந்தணுக்கள் 58 சதவீதம். தேர்ச்சிக்கு 70 தேவை. "டாக்டர், இது ஓய்வு கொடுத்தால் சரியாகுமா?" என்றேன். விந்தணு ஒன்று உருவாகி முதிர இரண்டு மாதம் பிடிக்கும் என்றும், வெயிலோ காய்ச்சலோ காரணமாக இருந்தால் அறுபது நாள் கழித்து மறுபரிசோதனை செய்யலாம் என்றும் சொன்னார். "ஆனால் அந்தக் கால்களை ஓய்வு சரிசெய்யாது" என்றார். விற்றுவிட்டேன். வாங்கும் முன்பே இந்தப் பரிசோதனையைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பருவமும், காளையை விடுவதற்கு ஏழெட்டு வாரம் முன்னதாகவே, நான் தவறாமல் செய்யும் வேலை இது.

காளைத் தேர்வு, இரண்டாம் முறை

இந்த முறை கணக்கைப் பசுவிடமிருந்து தொடங்கினேன். என் பசுக்கள் நடுத்தர உடல். மேய்ச்சல் நிலத்தில் வெயிலும் உண்ணியும் கடுமை. என் காலமெல்லாம் மகள்களையும் வைத்து மந்தையை நடத்த வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற காளை எது?

ஐரோப்பிய இனங்களில் ஆங்கஸும் ஹெர்ஃபோர்டும் நடுத்தர உடல், எளிய ஈற்று, விரைவில் பருவமடைதல். ஷாரோலே, சிமெண்டால், லிமோசின் போன்றவை தசையும் வளர்ச்சியும் மிகுந்தவை. தீவனம் தாராளமாக உள்ள இடத்தில், முதிர்ந்த பசுக்களோடு, கன்று முழுவதையும் இறைச்சிக்கு விற்கும் மந்தைக்கு அவை சிறந்தவை. வெயிலையும் உண்ணியையும் தாங்குவது திமில் இனங்கள். பிராமன் இனம் இந்தியாவின் காங்கிரேஜ், கிர், ஓங்கோல் மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவானது. பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கும் நெலோரே, நம் நெல்லூரின் பெயரைத் தாங்கிய ஓங்கோல் வழி மாடு. நம் மாட்டின் இரத்தம் உலகின் பாதி வெப்ப நிலங்களில் மேய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் திமில் இரத்தம் பாதிக்கு மேல் போகும்போது இறைச்சியின் மென்மை குறைகிறது. கிடாரிகள் பருவமடைவதும் தாமதமாகிறது. ஆகவே எட்டில் மூன்று பங்கு பிராமனும் எட்டில் ஐந்து பங்கு ஆங்கஸும் கலந்து நிலைப்படுத்திய பிராங்கஸை என் பசுக்களுக்குத் தேர்ந்தேன்.

கலப்பில் இன்னொரு ஆதாயம் உண்டு. உறவில்லாத இரண்டு இனங்கள் சேரும்போது பிறப்பவை, இரு பெற்றோர் இனங்களின் சராசரியைவிட வலுவாக இருக்கும். இதைக் கலப்பின வீரியம் என்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டரில் உள்ள இறைச்சி விலங்கு ஆய்வு மையம் 1970-களிலிருந்து பல இனங்களை ஒன்றோடொன்று சேர்த்து அளந்து பார்த்தது. கலப்பினப் பசுவுக்குக் கலப்பினக் கன்று என்ற நிலையில், காளைக்கு விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைக்கும் கன்று எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது. அதில் பெரும்பகுதி பசு கலப்பினமாக இருப்பதால் வருவது. காரணம் இதுதான்: சினைப்பிடிப்பு, கன்று உயிர்பிழைப்பு, நீண்ட ஆயுள் போன்றவை தேர்வின் மூலம் மெதுவாகவே ஏறும்; தலைமுறைக்கு இறங்கும் பங்கு அவற்றில் குறைவு. அந்தக் குணங்களில்தான் கலப்பு அதிகமாகக் கைகொடுக்கிறது. எடை, கொழுப்பு, தசை ஆகியவற்றைத் தேர்வினாலேயே ஏற்றலாம்.

இபிடி என்று இனச் சங்கங்கள் வெளியிடும் சந்ததி வேறுபாட்டு எண்களை முதலில் நான் தவறாகப் படித்தேன். பிறப்பு எடை இபிடி ஒரு காளைக்கு 0.5, இன்னொன்றுக்கு 2.5 என்றால், அது கன்றின் எடை அல்ல. ஒரே மாதிரியான பசுக்களுக்கு இரண்டையும் விட்டால், இரண்டாவதன் கன்றுகள் சராசரியாக இரண்டு கிலோ கூடுதலாகப் பிறக்கும் என்பதே பொருள். ஒப்பிடத்தான் அந்த எண். அதுவும் ஒரே இனத்துக்குள். பக்கத்திலேயே நம்பகத்தன்மை எண் ஒன்றும் இருக்கும். கன்றுகளே பிறக்காத இளங்காளையின் எண் இன்னும் ஆட்டம் காணக்கூடியது. நூற்றுக்கணக்கில் கன்றுகள் அளக்கப்பட்ட காளையின் எண் நிலைத்தது. விதைப்பைச் சுற்றளவுக்கும் இபிடி உண்டு. அதை நான் விரும்பிப் பார்ப்பேன். பெரிய சுற்றளவுள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருகிறார்கள்.

கொம்பைப் பற்றி ஒரு சொல். கொம்பில்லாமை ஓங்கிய மரபணு. இருபுறமும் அந்த மரபணு உள்ள காளையை விட்டால், ஐரோப்பிய வழிப் பசுக்களில் கொம்புள்ளவற்றுக்கும் கொம்பில்லாக் கன்றே பிறக்கும். கன்றின் தலையில் சூடு வைக்கும் வேலை ஒரே தலைமுறையில் நின்றுவிடுகிறது. கன்றுக்கு வலி இல்லை, எனக்கும் மனவேதனை இல்லை.

புதிய காளையை நேராக மந்தையில் விடவில்லை. முப்பது நாள் தனிப்பட்டி. கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ், பிறகு இணைசேரும்போது பரவும் டிரைக்கோமோனியாசிஸ், பிவிடி எனப்படும் வைரஸ் கழிச்சல் நோய் மூன்றுக்கும் சோதனை. டிரைக்கோமோனியாசிஸ் தொற்றிய காளை பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். பசுக்கள் சினைப்பட்டு, கரு கலைந்து, மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும்போதுதான் விவரம் தெரியும். அதற்குள் ஒரு பருவம் போய்விடும். பிவிடி இன்னும் நுட்பமானது. சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் தாயின் வயிற்றிலேயே தொற்றிய கன்று, வாழ்நாள் முழுவதும் வைரஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். காதோரத்திலிருந்து எடுக்கும் சிறு துணுக்கே சோதனைக்குப் போதும்.

அறுபத்து மூன்று நாள்

மூன்றாம் ஆண்டு காளையை மந்தையில் விட்டது 63 நாள் மட்டுமே. இந்த எண் எப்படி வந்தது? பசுவின் பருவச் சுழற்சி 21 நாள். 63 என்பது மூன்று வாய்ப்பு. சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால் 365-இலிருந்து 283 போக மீதமுள்ள 82 நாளுக்குள் பசு மீண்டும் சினையாக வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள முதிர்ந்த பசு ஈன்று ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். முதல் ஈற்றுக் கிடாரி அப்படியல்ல. தானும் வளர்ந்துகொண்டு, கன்றுக்கும் பால் கொடுத்துக்கொண்டு, மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதனால் கிடாரிகளைப் பசுக்களுக்கு மூன்று வாரம் முன்னதாகவே சினைப்படுத்துகிறேன். அந்த மூன்று வாரத்தை அடுத்த ஆண்டு அவை திருப்பிக் கேட்கும்.

பதிவேட்டோடு வளர்த்த ஒரு மந்தையிலிருந்து 14 கிடாரிகள் வாங்கினேன். எடைபோட்டுத்தான் ஏற்றினேன்: எல்லாம் 340 கிலோவுக்கு மேல், முதிர்ந்த எடையில் 65 சதவீதம். எளிய ஈற்றுக்குப் பெயர்பெற்ற, நம்பகத்தன்மை உயர்ந்த ஆங்கஸ் காளையின் உறைவிந்து கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சினை ஊசி போடத் திட்டமிட்டோம்.

முதல் நாள் ஒரு ஹார்மோன் ஊசி. கூடவே பிறப்புறுப்பில் புரோஜெஸ்டிரோன் கசியும் சிறு சாதனம். ஏழு நாள் கழித்து அதை உருவி எடுத்துவிட்டு புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அதிலிருந்து 54 மணி நேரத்தில் கருவூட்டல்; பசுவாக இருந்தால் 60 முதல் 66 மணி. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும் மருந்து. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் கையுறை இல்லாமல் கையாளக் கூடாது. இதை எங்கள் கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விந்துக்குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து வருகிறது. 35 டிகிரி வெந்நீரில் 45 வினாடி. வெப்பமானியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், விரலால் தொட்டு அல்ல. குச்சியைத் துடைத்து ஈரம் போக்கி, வெயில் படாமல், சூடேற்றிய கருவூட்டல் துப்பாக்கியில் மாட்டி, சில நிமிடத்துக்குள் வேலையை முடித்தோம். கிடாரிகளை விரட்டாமல், கத்தாமல், ஒவ்வொன்றாக நடத்தி வந்தோம். அந்தக் காலைப்பொழுது முழுவதும் கொட்டகையில் யாரும் குரலை உயர்த்தவில்லை.

பதினான்கில் எட்டு முதல் ஊசியிலேயே சினை. மீதி ஆறுக்குப் பதினைந்து மாத ஆங்கஸ் இளங்காளையை விட்டதில் நான்கு பிடித்தது. பிடிக்காத இரண்டையும் விற்றேன். பசுக்கள் 27-இல் 25 சினை. மொத்தம் 41-க்கு 37.

ஈற்றுக் காலம் வந்தது. முதல் 21 நாளுக்குள் 24 கன்றுகள், அதாவது மொத்த ஈற்றில் 65 சதவீதம். பன்னிரண்டு கிடாரிகளில் கைவைக்க நேர்ந்தது ஒன்றே ஒன்று, 47-ஆம் எண். அதுவும் கன்றின் பருமனால் அல்ல, ஒரு முன்னங்கால் மடங்கிப் போனதால். கன்றைச் சற்று உள்ளே தள்ளி, மடங்கிய முழங்காலை மேலே தூக்கி, குளம்பின் கூர்முனை கருப்பையைக் கிழித்துவிடாதபடி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு காலை நீட்டினேன். அடுத்த இரண்டு முக்கலில் தானே வெளியே வந்து விழுந்தது. 33 கிலோ கிடாரிக்கன்று. தாய் திரும்பி நின்று நக்கத் தொடங்கியது. நாற்பது நிமிடத்தில் எழுந்து, இரண்டு முறை முன்னால் குப்புற விழுந்து, மூன்றாம் முறை காம்பைப் பிடித்தது. வால் ஆட ஆடக் குடித்த அந்தச் சத்தத்தைக் கேட்டபோது 31-ஆம் எண் என் நினைவில் இருந்தது.

தொப்புளுக்கு அயோடின், காதுவில்லை, எடை. காளைக்கன்றானால் முதல் வாரத்திலேயே விதைநீக்க ரப்பர் வளையம், கூடவே ரணஜன்னித் தடுப்பு. எல்லாம் தாய் பக்கத்தில் நிற்கும்போதே. அவ்வளவுதான் அந்த வேலை. பால் மறக்கடித்தது 36 கன்றுகள்.

எந்த மகளை வைத்துக்கொள்வது

இங்கேதான் மறுபடியும் கண் ஏமாற்றப் பார்த்தது. மறக்கடித்த நாளன்று கிடாரிக்கன்றுகளில் மிகப் பெரியவற்றை நிறுத்திக்கொள்ளத் தோன்றியது. அன்றிரவு ஏட்டை எடுத்து ஒவ்வொன்றையும் 205 நாளுக்குச் சரிக்கட்டினேன். மறக்கடித்த எடை 228, பிறப்பு எடை 34, வயது 212 நாள் என்றால், கூடிய 194 கிலோவை 212-ஆல் வகுத்து 205-ஆல் பெருக்கிப் பிறப்பு எடையைச் சேர்க்க வேண்டும்: 222 கிலோ. தாயின் வயதுக்கும் ஒரு திருத்தம் உண்டு. இளம் தாயின் கன்றுக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அதன் பால் குறைவு என்பதால்.

பிறகு தாய்களையும் எடைபோட்டேன். 22-ஆம் எண் பசு, மந்தையிலேயே கம்பீரமானது, 640 கிலோ. அதன் கன்றின் 205 நாள் எடை 246. 9-ஆம் எண் பசு 455 கிலோ. சாம்பல் கலந்த சிவப்பு, இடது காது நுனி கிழிந்தது, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத உருவம். அதன் கன்று 231 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் வளர்த்திருக்கிறது. 22-ஆம் எண் வளர்த்தது தன் எடையில் 38 சதவீதம். உடலைப் பேணத் தேவையான தீவனம் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறாது, சற்றுக் குறைவாகவே ஏறும். அப்படிக் கணக்கிட்டாலும் 22-ஆம் எண் ஏறத்தாழ 29 சதவீதம் கூடுதலாகத் தின்கிறது. தருவது 15 கிலோ கூடுதல். பெரிய கன்றுகளையே ஆண்டுதோறும் நிறுத்திக்கொண்டு போனால், பத்து ஆண்டில் மந்தை முழுக்க 22-ஆம் எண்ணாகிவிடும். அதே நிலம் தாங்கும் பசுக்களின் எண்ணிக்கையோ குறைந்துவிடும்.

அதிலிருந்து என் தேர்வு இப்படி: முதல் 21 நாளுக்குள் பிறந்த கிடாரிகள் மட்டும். அவற்றிலும், உதவியில்லாமல் ஈன்று, ஒரு பருவமும் தவறாத தாயின் மகள்கள். மிகப் பெரியதும் வேண்டாம், மிகச் சிறியதும் வேண்டாம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரியைத் தொடக்கத்திலேயே விற்பனைப் பக்கம் ஒதுக்கிவிடுவேன். கருப்பைக்குள்ளேயே இரத்தம் கலந்துவிடுவதால் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. ஒரு வயதில் மருத்துவர் இடுப்பெலும்பின் அகலத்தையும் இனப்பெருக்க உறுப்பின் வளர்ச்சியையும் பார்த்துச் சொன்ன பிறகே சினை ஊசி. தேவையைவிட மூன்று நான்கு கூடுதலாக ஊசி போட்டு, பிடித்தவற்றில் சீக்கிரம் பிடித்தவற்றை வைத்துக்கொள்கிறேன். கிடாரி தன்னைத் தானே தேர்ந்துகொள்ள விடுவது, நான் கண்ணால் தேர்வதைவிடச் சரியாக அமைகிறது.

மகள்கள் பருவத்துக்கு வரும்போது தந்தை மந்தையில் இருக்கக் கூடாது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் நெருங்குகலப்பின் அளவு 25 சதவீதம். மறைந்திருக்கும் குறைகளெல்லாம் வெளியே வரும், சினைப்பிடிப்பும் உயிர்ப்பும் குறையும். அந்த பிராங்கஸ் காளையை ஐந்தாம் ஆண்டு, நல்ல நிலையில் இருக்கும்போதே, மற்றொரு மந்தைக்குக் கைமாற்றினேன். ஏற்றிவிடும்போது மனம் கனத்தது. அதனிடம் ஒரு குறையும் இல்லை. அதன் பதினொரு மகள்கள் இங்கே மேய்ந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

இப்போது நடப்பது ஏழாம் ஆண்டு. மந்தையில் 44 பெண் மாடுகள். சென்ற பருவம் 41 சினை, 39 கன்று மறக்கடித்தோம். ஈற்று உதவி ஒன்று.

இந்தப் பருவத்தின் சினைப் பரிசோதனை சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. நான் ஏட்டோடு பக்கத்தில் நிற்க, மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "சினை. சினை. இளஞ்சினை. சினை." 9-ஆம் எண் வந்தது. கையை உள்ளே வைத்தவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லை" என்றார். வாயைத் திறந்து பார்த்தோம். முன்பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன. நான் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயதுக்கு மேல்.

சினையில்லாத பசு இந்த மந்தையில் தங்குவதில்லை. 9-ஆம் எண்ணுக்காக அதை மாற்றினால் அடுத்த ஆண்டு இன்னொன்றுக்காக மாற்றுவேன். ஏட்டில் அதன் பக்கத்தைத் திறந்தேன். ஆறு ஈற்று, ஆறு கன்று, ஒன்றுக்கும் யாரும் கைவைக்கவில்லை. மகள்கள் 52, 61, 70. மூன்றுக்கும் நேராக அன்று காலை என் கையாலேயே எழுதிய சொல் இருந்தது: சினை. 61-ஐ மட்டும் மருத்துவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்து, பருவத்தின் முதல் வாரத்திலேயே பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தேதியைக் கணக்கிட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

லாரி வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவரை 9-ஆம் எண்ணை ஆற்றோரப் புல்லில், மகள்களோடு விட்டிருக்கிறேன்.